தூரிகை துடைத்த துணிகள்

அப்போது மணி மூன்று இருபது. பள்ளிக்கூடத்துச் சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க ஸ்டூல் மேல் ஏறி நின்றிருந்தேன், அதனால் நேரத்தில் சந்தேகமே இல்லை. அந்தக் கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடுகிறது என்று ஓர் இன்ஸ்பெக்டர் நோட்டில் எழுதிவிட்டுப் போயிருந்தார். ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்கு வேறு கடிகாரம் கிடையாது, ஆகவே அது காட்டுவதுதான் நேரம். அந்தப் பள்ளிக்குத் தலைமையாசிரியரும் நானே, உதவியாசிரியரும் நானே, பெல் அடிப்பவனும் நானே.

"அப்பா, கொஞ்சம் வூட்டாண்ட வாங்க" என்று என் மூத்த மகளின் குரல் கேட்டது. அவள் கத்தவில்லை. பன்னிரண்டு வயதில் அவள் என்னை அவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டதே இல்லை என்பதால்தான் திரும்பிப் பார்த்தேன். பள்ளிக்குப் பின்னால் முப்பது அடி தள்ளி எங்கள் வீடு. இரண்டு வயதுத் தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவள் தலைக்கு மேல், புல் வேய்ந்த கூரையின் ஓரத்திலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

நான் ஸ்டூலிலிருந்து இறங்கினேனா விழுந்தேனா என்று இன்றும் தெரியாது. பிள்ளைகள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். மண்வெட்டியால் மூலையில் இருந்த இலவம்பஞ்சு மூட்டையை வெளியே இழுத்துப் போட்டோம். மூட்டை போயிற்று, ஒரு பாய் போயிற்று, சுவர் கரியாயிற்று, கூரையில் நாலு முழம் போயிற்று. அவ்வளவுதான். ஆனால் சின்னவள் தூங்கிக்கொண்டிருந்த இடத்துக்கும் மூட்டைக்கும் நடுவே எத்தனை தூரம் என்று அன்று மாலை முழம் போட்டுப் பார்த்தேன். இரண்டு முழம். அளந்திருக்கவே கூடாது. இப்போதும் ஏதாவது பொசுங்கும் வாசனை வந்தால் கை தானாக முழம் போடுகிறது.

நெருப்பு எப்படி வந்தது? என் மனைவி ஊற்றுக்குத் தண்ணீருக்குப் போயிருந்தாள். காலையிலேயே அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டாள், சாம்பல் சில்லென்று இருந்தது. வீட்டில் பீடி குடிப்பவர் யாரும் இல்லை. இடைவேளையில் வீட்டுக்கு வந்தது என் மகள் மட்டும்தான். அவள் பாவாடை மடிப்பிலிருந்து பள்ளிக்கூடத்துப் பூதக்கண்ணாடி கீழே விழுந்தது.

இங்கே நான் ஒன்று சொல்லியாக வேண்டும். பதினைந்து நாளைக்கு முன்புதான், அதே கண்ணாடியால் வெயிலைக் குவித்து, வருகைப் பதிவேட்டில் ஓர் ஓட்டை போடப்பட்டிருந்தது. ஓட்டை மிகக் கச்சிதமாக, அவள் பள்ளிக்கு வராமல் நாவல் பழம் பொறுக்கப் போன நாளின் கட்டத்தில் இருந்தது. நான் போடவே இல்லை என்று அவள் அடித்துச் சொன்னாள். கரையான் என்றாள். ஓரம் கருகக் கடிக்கிற கரையானா என்று கேட்டதற்கு, மலைக் கரையான் அப்படித்தான் என்றாள். கண்ணாடியை என் மேசையில் வைத்துப் பூட்டினேன். சாவியை வழக்கம்போல் மேசை மேலேயே வைத்தேன்.

பூதக்கண்ணாடியை எதற்கு எடுத்தாய் என்று கேட்டேன். அப்பா வரைந்த படத்தில் ஒட்டிக்கொண்ட பூச்சிக்கு எத்தனை கால் என்று எண்ண என்றாள். இதைக் கேட்டு யார் நம்புவார்கள்? ஆனால் பூச்சி ஒட்டியிருந்தது உண்மை. அது என் கதை.

மலையிலிருந்து மாற்றலாகிப் போன காட்டிலாகா அதிகாரி ஒருவர், எடுத்துப்போக மனமில்லாமல் ஒரு மரப்பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதில் பாதி பிதுக்கிய வண்ணக் குழாய்கள், பன்றி மயிர்த் தூரிகைகள், வண்ணம் குழைக்கும் பலகை, ஒரு பாட்டில் டர்பன்டைன், கற்றுக்கொள்பவர்களுக்கான ஓர் ஆங்கிலக் கையேடு. அன்றிரவே நான் ஓவியன் ஆகிவிட்டேன். தூரிகை எந்த மிருகத்தின் மயிர் என்று தெரிந்ததும், பெட்டி சமையல் பக்கம் வரக் கூடாது என்று மனைவி சட்டம் போட்டாள்.

கையேட்டின்படி எல்லாம் செய்தேன். காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்து ஆணி அடித்தேன். தச்சர்கள் மரம் ஒட்டும் வஜ்ரப் பசையைக் காய்ச்சிப் பூசினேன். பூசாவிட்டால் எண்ணெய் இறங்கித் துணி இற்றுப் போகும். அதன் மேல் வெள்ளைப் பூச்சு வேண்டும். அதற்கு அரசாங்கத்துச் சாக்பீஸ் அரைப்பெட்டி அம்மிக்குப் போனது, இன்ஸ்பெக்டர் இதைப் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன். பிறகு வண்ணத்தில் எண்ணெய் கலக்க வேண்டும். எந்த எண்ணெய் என்று சொல்லும் பக்கத்தை மட்டும் கரையான் எனக்கு முன்பே படித்து முடித்திருந்தது. அது நிஜக் கரையான்.

வீட்டில் மூன்று எண்ணெய் இருந்தது. சமையலுக்குக் கடலை எண்ணெய், தலைக்கு நல்லெண்ணெய், வயிற்றுக்கு விளக்கெண்ணெய். கெட்டியாக இருப்பதுதான் உயர்ந்தது என்று முடிவு செய்து, விளக்கெண்ணெயில் பள்ளி ஜன்னல் வழியே தெரியும் மலையை வரைந்தேன். படம் நான்கு மாதம் காயவில்லை. மலைச்சாரலில் ஈக்கள் குடியேறின. காய வைக்கத் தரையில் கிடத்தியபோது ஒரு கோழி மேகத்தின் குறுக்கே நடந்து போயிற்று. "அப்பா, உங்க மலைதான் நெஜ மலை, இதுல கோழிகூட மேயுது" என்றாள் மகள்.

அந்த நான்கு மாதமும் தூரிகை துடைத்த துணிகளை நான் எங்கே வைத்தேன் என்பது முக்கியம். மனைவியின் பழைய சேலையைத்தான் கிழித்திருந்தேன், அவளுக்குத் தெரியாமல். வெளியே போட்டால் கண்ணில் படும். ஆகவே பந்தாகச் சுருட்டி, பஞ்சு மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே திணித்துவந்தேன். நான்கு மாதம் அங்கே ஒன்றும் நடக்கவில்லை. பத்திரமான இடம்.

வாணியம்பாடியிலிருந்து மாதம் ஒருமுறை பாய் ஒருவர் வருவார். தோல் பதனிடக் கடுக்காய் வாங்குபவர், பள்ளித் திடலில்தான் எடை போடுவார். அவர் என் மலையைக் கட்டைவிரலால் தொட்டார், விரல் பச்சையாயிற்று. கொஞ்ச நேரம் விரலையே பார்த்தார்.

"இன்னா எண்ணெ சார் இது?"

சொன்னேன். அவர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டை இன்றும் மெச்சுகிறேன். தோல் காய்ந்தால் வெடிக்கும், அதனால் அதற்குக் காயாத எண்ணெய் போடுவோம், உங்களுக்குக் காய்கிற எண்ணெய் வேண்டும் என்று விளக்கினார். பளபளக்கும் கறுப்புத் தோலுக்கும், தச்சர் கதவுக்கும் பூசுகிற ஆளிவிதை எண்ணெய், அதுவும் காய்ச்சியது. அடுத்த முறை ஒரு பாட்டில் கொண்டுவந்தார். கொடுக்கும்போது, "அப்பறம் சார், தொடைக்கிற துணி இருக்குது பாருங்க..." என்று ஆரம்பித்தார்.

"அடுத்த தபா சொல்லுங்க பாய், பெல் அடிக்கணும்" என்று எழுந்து போய்விட்டேன். பத்து நிமிடம் முந்தி ஓடுகிற கடிகாரத்துக்கு அவ்வளவு விசுவாசம்.

ஆளிவிதை எண்ணெய் வந்ததும் எனக்கு இறக்கை முளைத்தது. இந்த முறை மகளையே வரைந்தேன். முதல் பூச்சில் டர்பன்டைன் கூட்டி நீர்க்கப் பூசி, அது காய்ந்த பிறகே எண்ணெய் கூட்டி அடுத்ததைப் பூச வேண்டும். மாற்றிச் செய்தால் மேலே காய்ந்து கீழே ஈரம் நிற்கும், படம் வெடிக்கும். தகர டிரங்குப் பெட்டி மேல் அவளை உட்கார வைத்தேன். நெற்றி வந்தது, கண் வந்தது, எண்ணெய் வழியும் பின்னல்கூட வந்தது. வாய் மட்டும் வரவில்லை. மூடினால்தானே வரைய முடியும்? செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்கு முன்பு நாலு தடவை வாயைப் போட்டேன், நாலு தடவையும் துடைத்தேன். அன்றைக்குத் துணி அதிகம். பெரிய பந்தாகச் சுருட்டி, வழக்கமான இடத்தில், கொஞ்சம் இறுக்கியே திணித்துவிட்டு வகுப்புக்குப் போனேன். அன்றுதான் மூன்று இருபது.

சாயங்காலம் மகளை நிறுத்திக் கேட்டேன். வயதில் பெரியவன், படித்தவன், பயந்துபோனவன் எப்படிக் கேட்பானோ அப்படிக் கேட்டேன். அதை இங்கே எழுத வேண்டாம். அவள் அழவில்லை.

"ரிஜிஸ்டர்ல ஓட்ட போட்டது நான்தான்" என்றாள். "இது நான் இல்ல."

பழைய பொய்யை ஒப்புக்கொண்டு புதிய பொய்யை விற்கிறாள் என்று நினைத்தேன். அன்றே என் மனைவியின் அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன். கண்ணமங்கலத்தில் ரோட்டோரம் கடை வைத்திருப்பவர், கறாரானவர். இவளை அழைத்துப்போய் வேலூரில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சேர்த்துவிடுங்கள், கைக்குழந்தை இருக்கிற வீட்டில் இவளை வைத்துக்கொள்ள எனக்குப் பயமாக இருக்கிறது என்று எழுதினேன். அந்த வரியை நான் எழுதியது உண்மை.

மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அந்த மூலையில பஞ்சு மட்டுந்தானே இருந்திச்சி?"

சேலை ஞாபகம் வந்தது. "ஆமா" என்றேன். எண்ணெய்த் துணி இருந்ததால் இன்னும் கொஞ்சம் எரிந்திருக்கும், அவ்வளவுதானே, தீயை அது வைக்கவா போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரம் என் மகள் வாயைத் திறக்கவில்லை. சாப்பிட்டாள், தங்கையைத் தூங்க வைத்தாள், கேட்டதற்குத் தலையாட்டினாள். ஓவியத்தில் வாயை வரைய அதைவிடத் தோதான வாரம் வராது. நான் தூரிகையைத் தொடவில்லை. சட்டத்தில் வாயில்லாத முகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது, அதைத் திருப்பிச் சுவர் பக்கம் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மச்சான் வந்துவிட்டார். வேர்வையைத் துடைத்துக்கொண்டே கருகிய சுவரைச் சுற்றிப் பார்த்தார். "பொட்டப் புள்ளைக்கு இவ்ளோ தைரியம் ஆவாது மாப்ள" என்றார். அவள் உட்கார்ந்து போஸ் கொடுத்த அதே டிரங்குப் பெட்டியில் பாவாடைகளும் ஒரு டப்பா முறுக்கும் போய், கயிறு கட்டியாயிற்று. கட்டியது என் மனைவி. முடிச்சை நாலு தடவை அவிழ்த்து நாலு தடவை போட்டாள். மகள் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். உச்சி வெயிலுக்கு முன் மலை இறங்கிவிட வேண்டும் என்று மச்சான் எழுந்தபோது, திடலில் கடுக்காய்ச் சாக்குகளை உதறும் சத்தம் கேட்டது.

பாய் பச்சைத் துண்டால் முகம் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தார். எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார். பிறகு சுவரைப் பார்த்தார். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. நேராக என்னிடம் கேட்டார்.

"சார், துணிய எங்க வெச்சீங்க?"

மச்சான் என்னைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்த்தாள். பெட்டி மேலிருந்து மகளும் பார்த்தாள். எந்தத் துணி என்று கேட்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு, பஞ்சு மூட்டைக்குப் பின்னால், பந்தாகச் சுருட்டி என்று சொன்னேன். யாருடைய சேலை என்பதை மனைவியே கண்டுபிடித்துக்கொண்டாள்.

பாய் தலையில் அடித்துக்கொள்ளவில்லை, மரியாதை தெரிந்தவர். நிதானமாகத்தான் சொன்னார். விளக்கெண்ணெய் காயாது, அதனால் சூடு ஆகாது, துணி பத்து வருஷம் கிடந்தாலும் ஒன்றும் இல்லை. ஆளிவிதை எண்ணெய் காயும்போதே சூடு ஆகும். விரித்துப் போட்டால் அந்தச் சூடு காற்றில் போய்விடும். சுருட்டிப் பஞ்சுக்குள் வைத்தால் எங்கே போகும்?

"வத்திக்குச்சியே வேணாம் சார், தானா பத்திக்கும். எங்க பட்டறையில தொடச்ச துணிய தண்ணித் தொட்டியில போட்டுட்டுதான் வூட்டுக்குப் போவாங்க. போன தபாவே சொல்ல வந்தேன். நீங்க பெல் அடிக்கப் போய்ட்டீங்க."

நான் மகளைப் பார்க்க முயன்றேன், பெட்டியின் கயிற்றைத்தான் பார்க்க முடிந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் பெட்டியிலிருந்து இறங்கி, பாவாடையைத் தட்டிவிட்டு, ஐந்து நாளைக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"மாமா, பொட்டி கட்டி ரெடியா இருக்குது. அப்பாவ கூட்டிக்கினு போய் ஹாஸ்டல்ல சேத்துடுங்க."

மச்சான் பாயைப் பார்த்தார். பாய் கொஞ்சமும் சிரிக்காமல் யோசித்தார்.

"வேணாம் பாப்பா" என்றார். "சார் போய்ட்டா பெல்லு யாரு அடிக்கறது?"