ஸ்டெல்லா தனியாக நடக்க ஒரு ஏரியா

குடியிருக்கவும் ஆச்சு, முதலீடாகவும் ஆச்சு என்று ஒரு ஃபிளாட் வாங்க நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் நாலு வருடமாகப் பேசிக்கொண்டே இருந்தோம். ஜூன் மாதம் கண் டாக்டர், அவளுடைய பக்கவாட்டுப் பார்வை சுருங்கி வருகிறது, போகப்போக இன்னும் குறையும் என்றார். வீட்டுக்கு வந்ததும் ஸ்டெல்லா, "நான் தனியா நடக்கக்கூடிய ஏரியாவா பாருங்க, பார்வை இருக்கும்போதே பழகிக்கணும்" என்றாள். ஜூலை இரண்டாம் சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு எங்கள் வீடு இருக்கும் லிங்கராஜபுரத்திலிருந்து கிளம்பினோம்.

முதலில் காடுகோடி தாண்டி ஒரு புது அபார்ட்மெண்ட். பையப்பனஹள்ளி வரை ஆட்டோ, 130 ரூபாய். அங்கிருந்து மெட்ரோவில் அரை மணி நேரம். ஸ்டேஷனில் ப்ரோக்கர் காரோடு காத்திருந்தார். இன்னும் மூன்று கிலோமீட்டர். நீச்சல் குளம், ஜிம், பக்கத்திலேயே பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. "சார், மெட்ரோ வந்தாச்சு. அஞ்சு வருஷத்துல ரேட் எங்கயோ போயிடும், பக்கா" என்றார். பொய் சொல்வானேன், எனக்கும் ஆசை வந்துவிட்டது.

கேட்டுக்கு வெளியே நடந்து பார்த்தோம். வழக்கம்போல அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். "நல்லாத்தானே இருக்கு ரோடு?" என்றேன். ஸ்டெல்லா சிரித்தாள்.

"நீங்க பிடிச்சுக்கிட்டா எல்லா ரோடும் நல்ல ரோடுதாங்க. கையை விடுங்க."

விட்டேன். நாற்பதடி போயிருப்பாள். நடைபாதை சொல்லாமல் கொள்ளாமல் மூடியில்லாத மழைநீர்க் கால்வாயில் முடிந்தது. ஓடிப்போய்ப் பிடித்து நிறுத்தினேன். "ரெண்டு மாசம் ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க மேடம், மூடிடுவாங்க" என்றார் ப்ரோக்கர்.

மதியம் பானஸ்வாடி. எங்கள் வீட்டிலிருந்து மூன்றே கிலோமீட்டர்தான். பக்கத்தில் இருப்பதாலேயே இதுவரை எட்டிப் பார்க்கவில்லை. பதினைந்து வருடப் பழைய ஃபிளாட், இரண்டாவது மாடி. லிஃப்ட் உண்டு, குளம் கிடையாது. விலை கிட்டத்தட்ட காடுகோடி விலையேதான். ஆனால் வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் 180 மீட்டர், மெடிக்கல் ஷாப் 250 மீட்டர், நடுவில் நடைபாதை எங்கும் அறுபடவில்லை.

"இங்கயே நில்லுங்க. பின்னால வரக் கூடாது" என்று சொல்லிவிட்டு மெடிக்கலுக்குக் கிளம்பினாள். மணி 3.40. முனையில் திரும்பி மறைந்துவிட்டாள். வந்து போன ஒவ்வொரு பைக்கையும் மனசுக்குள் திட்டிக்கொண்டு நின்றேன். 3.54க்கு மாத்திரைக் கவரும் ஒரு கொத்தமல்லிக் கட்டுமாகத் திரும்பி வந்தாள். முகமெல்லாம் வியர்வை, அத்தனை சந்தோஷம்.

"மெடிக்கல்கிட்ட ஒரு கல்லு ஆடுதுங்க. அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கணும்."

திங்கட்கிழமை அட்வான்ஸ் கொடுத்தோம். ரேட் எவ்வளவு ஏறும் என்று தெரியாது. காடுகோடி அளவுக்கு ஏறாது என்றுதான் நினைக்கிறேன்.

வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு: ப்ரோக்கர் காரை மறுத்துவிடுங்கள். ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்பதை நடந்து அளந்து பாருங்கள். மழை பெய்த மறுநாள் போனால் இன்னும் நல்லது. வீட்டில் யாருக்கு நடப்பது கஷ்டமோ அவரை முன்னால் விட்டு, நீங்கள் பத்தடி தள்ளி வாருங்கள்.

புதன்கிழமை ஜன்னல் திரைக்கு அளவெடுக்க ஸ்டெல்லா மட்டும் பஸ்ஸில் பானஸ்வாடி போனாள். நான் ஆபீசில் இருந்தேன். போன் பண்ணிக் கேட்கக் கை பரபரத்தது. பண்ணவில்லை.