சிவப்புக் கோட்டுக்குக் கீழே ஒரு கையெழுத்து

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவள். வாக்கியம் கோணலாக வரும், பாதி மறந்தும் போகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது நடந்தது எண்பத்து மூன்றிலோ நான்கிலோ. மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடம். அங்கே வகுப்புகளைக் கூட்டுவது, ஆசிரியர்களுக்குத் தேத்தண்ணி கலக்குவது, மணி அடிப்பது எல்லாம் நான்தான். மணி என்றால் வராந்தாவில் தொங்கும் ஒரு தண்டவாளத் துண்டு. இரும்புக் கம்பியால் அடித்தால் தொழிலாளர் லயத்துக் கடைசி வீடு வரைக்கும் கேட்கும்.

அந்த வருடம் புதிதாக ஒரு பெரிய வாத்தியார், அதாவது தலைமையாசிரியர், மாற்றலாகி வந்தார். மாதக் கடைசியில் ஆசிரியர்களைக் கூட்டி வைத்துப் பேசுவார். முதல் கூட்டத்துக்கே என்னையும் கூப்பிட்டார். நான் கதவோரமாக நின்றேன்.

"உக்காருங்கம்மா. நீங்களும் இங்க வேல செய்றவங்கதானே" என்று அவரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அந்தக் கூட்டத்தில் அவர் யாரையும் குறை சொல்லவில்லை. ஒவ்வொருவரிடமும் அந்த மாதம் தான் பார்த்த ஒரு நல்லதைச் சொன்னார். ஒருவருடைய கரும்பலகை எழுத்து, இன்னொருவர் பள்ளிக்கு வராத பிள்ளையைத் தேடி லயத்துக்கே போனது, இப்படி. கடைசியில் என் பக்கம் திரும்பினார். "இந்தம்மா அடிக்கிற மணி ஒரு நாளும் தவறினதில்ல. பள்ளிக்கூடமே இவங்க கையிலதான் ஓடுது."

எனக்கு அப்போதே நாற்பதைத் தாண்டிவிட்டது. அதுவரைக்கும் என் வேலையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றிலிருந்து தினமும் ரேடியோவில் செய்தி தொடங்கும்போது என் கைக்கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ள ஆரம்பித்தேன்.

பிறகு தஞ்சோங் காராங்கிலிருந்து ஒரு தற்காலிக டீச்சர் வந்தார். சின்ன வயது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு மனு போட்டுவிட்டுக் காத்திருந்தார். இங்கே நல்ல பேர் வாங்கினால்தான் அது கிடைக்கும். அவர் வந்த பிறகு, வாயே திறக்காத இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சத்தமாக வாசித்தார்கள். நானே காதால் கேட்டேன்.

அவருக்கு வினை பஸ்தான். பெரிய சாலையில் இறங்கிச் செம்மண் பாதையில் ஒரு மைல் நடக்க வேண்டும். சில நாள் பஸ் பிந்தும். எங்கள் பள்ளியில் மணி அடித்ததும் ஆசிரியர் வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு போட்டுவிடுவார்கள். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டால் தாமதம் என்று கணக்கு.

ஒரு நாள் பெரிய வாத்தியார் என்னிடம் வந்தார். "பஸ்ஸு பிந்துற அன்னிக்கு மணியும் அஞ்சு நிமிசம் பிந்தட்டும்மா. பயந்துகிட்டே வகுப்புக்குள்ள போறவங்க என்னத்தச் சொல்லிக் குடுப்பாங்க? புள்ளைங்க கொஞ்ச நேரம் கூட ஓடியாடட்டும்."

சரிங்கய்யா என்றேன். ஆனால் மனசு சரி என்று சொல்லவில்லை. தவறாத மணி என்று சொன்னவரே தவறச் சொல்கிறாரே என்று இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் ஏது. கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பாதையையே பார்த்து நிற்பேன். டீச்சர் வராந்தா ஏறியதும் அடிப்பேன்.

ஒரு நாள் இடைவேளையில் தேத்தண்ணி கொண்டுபோனேன். எல்லா ஆசிரியர்களும் இருந்தார்கள். அந்த டீச்சர் கிளாசை வாங்கிக்கொண்டே, "நம்ம அக்கா மணிக்கும் என் பஸ்ஸுக்கும் கல்யாணம் ஆயிருச்சு லா. ஜோடியாத்தான் வராங்க" என்றார்.

"பந்தி எப்ப டீச்சர்?" என்று ஒரு வாத்தியார் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பின்பக்கம் போய்க் கிளாஸ் கழுவும்போது கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. இத்தனை பேர் நடுவில் என் மணி கேலியாகிப் போச்சே என்று இருந்தது.

மறுநாள் பெரிய வாத்தியாருக்குக் கோலசிலாங்கூரில் கூட்டம். "மழக்காலமா இருக்கு, பஸ்ஸு பிந்தும், பாத்துக்கிடுங்கம்மா" என்று முதல் நாளே சொல்லிவிட்டுப் போயிருந்தார். காலையில் சொல்லாமல் கொள்ளாமல் கல்வி இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி வந்துவிட்டார். துணைத் தலைமையாசிரியர் அவரை அறைக்குள் உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். வெளியே தூறல். மணி ஏழரை, பள்ளி தொடங்கும் நேரம்.

செம்பனை வரிசை முடிகிற இடத்தில் ஒரு நீலக் குடை தெரிந்தது. டீச்சர்தான். சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் ஓடி வந்துகொண்டிருந்தார். மூன்று நிமிடம் பொறுத்திருந்தால் வந்து சேர்ந்திருப்பார்.

நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே அடித்தேன்.

அதிகாரி இருக்கிறாரே என்றுதான் அடித்தேன் என்று பிறகு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது பொய். அவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. மணிச் சத்தம் கேட்டுத்தான் எழுந்து வெளியே வந்தார். நேராக இரண்டாம் வகுப்புக்குப் போனார். அங்கே டீச்சர் இல்லை என்று குறித்துக்கொண்டார். டீச்சர் நனைந்த சேலையோடு அலுவலகத்தில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

பெரிய வாத்தியார் திரும்பி வந்ததும் அந்த டீச்சருக்காகக் கடிதம் எழுதினார். மோட்டார் சைக்கிளில் இரண்டு தடவை இலாகாவுக்கு நேரிலேயே போய்ப் பேசினார். ஒன்றும் நடக்கவில்லை. வருடக் கடைசியோடு வேலை முடிந்தது என்று டீச்சருக்குத் தாள் வந்தது. கல்லூரியும் கிடைக்கவில்லை.

பெரிய வாத்தியார் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்டார். "அன்னிக்கு மணி எத்தனைக்கும்மா அடிச்சீங்க?"

"சரியா ஏழரைக்குங்கய்யா" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். "அந்தப் பாரத்த ஒங்க தலையில வச்சது என் தப்புதாம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கடைசி நாளன்று டீச்சர் என்னைத் தேடிப் பின்பக்கம் வந்து என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்காக எத்தன நாளு காத்துக்கிட்டு நின்னீங்கக்கா. அன்னிக்கு மழையில என்னைத் தெரிஞ்சிருக்காது, இல்லாட்டி அடிச்சிருப்பீங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. வாய் வரவில்லை. அவர் குடையை விரித்துக்கொண்டு நடந்துபோனார். பிறகு கிள்ளான் பக்கம் ஏதோ தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனதாகக் கேள்வி.

அந்த மாதக் கூட்டத்திலும் பெரிய வாத்தியார் வழக்கம்போல எல்லாருக்கும் ஒரு நல்ல வார்த்தை சொன்னார். என் முறை வந்தது. "இந்தம்மா மணி தவறினதில்ல" என்றார். அதே வார்த்தைதான். நான் நாற்காலியில் உட்கார முடியாமல் எழுந்து தேத்தண்ணி போடப் போய்விட்டேன். அவருக்குத் தெரிந்துதான் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஒரு மனிதர் எல்லாரையும் தாங்கிப் பிடிக்கப் பார்த்தார். அவர் எனக்குக் கொடுத்த மரியாதையையே எடுத்து நான் இன்னொருத்தியைத் தள்ளிவிட்டேன்.

அந்த வருடம் எது, பள்ளி தொடங்கியது ஏழரைக்கா ஏழே முக்காலுக்கா, குடை நீலம்தானா என்று எனக்கு நிச்சயமில்லை. அப்போது அங்கே படித்தவர்கள், சொல்லிக் கொடுத்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். ஆனால் அந்த டீச்சர் ஓடி வருவதைப் பார்த்த பிறகுதான் நான் மணி அடித்தேன் என்பதை மட்டும் யாரும் திருத்த வேண்டாம். அவரிடம் சொல்ல வாய் வராததை இத்தனை வருடம் கழித்து இங்கேயாவது எழுதியிருக்கிறேன்.