சௌராஷ்டிரம், பத்து விநாடி

இது நடந்தது. நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. சண்முகவடிவு இன்றும் அருப்புக்கோட்டையில், பந்தல்குடி ரோட்டுப் பெயிண்ட் கடைக் கல்லாவில்தான் உட்கார்ந்திருக்கிறாள். போய்க் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

பதினொரு வருடம் பாட்டு படித்தவள். கல்யாணமாகி வந்த வீட்டில், "வியாபாரக் குடும்பத்துல என்ன பாட்டு வேண்டிக்கிடக்கு" என்று வாயை அடைத்துவிட்டார்கள். இருபத்தாறு வருடமாகப் பிரைமரும் எனாமலும் விற்கிறாள். மிச்சமிருந்தது 'அகர வரிசை' என்ற வாட்ஸ்அப் குழு ஒன்றுதான். முப்பது பேர், அத்தனை பேரும் ராகப் பைத்தியங்கள். மதியம் இரண்டரைக்கு, கடையில் ஈ காக்கை இல்லாத நேரத்தில் ஆட்டம் தொடங்கும். நாளுக்கு ஓர் எழுத்து. அந்த எழுத்தில் தொடங்கும் ராகத்தை ஒருவர் பத்து விநாடி பாடி வாய்ஸ் நோட் போடுவார். பெயரை முதலில் சொல்பவருக்குப் புள்ளி. சொன்னவர்மீது சந்தேகம் வந்தால் 'பாடிக் காட்டு' என்று யாரும் கேட்கலாம். கேட்டால் பாடியாக வேண்டும், இல்லாவிட்டால் வெளியே போக வேண்டும். மூன்று வருடமாக வடிவுதான் அதில் முதல். உலகத்தில் அவள் முதலாக இருந்த இடம் அது ஒன்றுதான்.

பிறகு திருச்சுழியிலிருந்து சுபத்ரா வந்து சேர்ந்தாள். பாடமாட்டாள், தட்டச்சு மட்டும்தான். இரண்டு மாதத்தில் வடிவைக் கீழே தள்ளிவிட்டாள்.

அன்று செவ்வாய்க்கிழமை, எழுத்து 'ச'. மதுரைக்கார ஹரி பாடிப் போட்டான். வடிவு சக்கரவாகமா என்று காதைத் தீட்டுவதற்குள், இரண்டே விநாடியில், 'சௌராஷ்டிரம்' என்று சுபத்ரா போட்டுவிட்டாள். அதுதான் சரி. இரண்டும் அக்கா தங்கை மாதிரி ஒரே ஜாடை. இரண்டு விநாடியில் பிரித்துச் சொல்ல யாரால் முடியும்? ஏதோ ஆப் வைத்துத் திருடுகிறாள் என்று வடிவுக்கு வயிறு எரிந்தது.

'பாடிக் காட்டுங்க' என்று போட்டாள்.

'எழுதிக்கிட்டு இருக்காக' என்பதுபோல மூன்று புள்ளிகள் வந்து வந்து மறைந்தன. 2:40க்கு, குழுவின் அட்மினான வடிவு அவளைக் குழுவிலிருந்து நீக்கினாள்.

"அக்கா, கொஞ்சம் அவசரப்பட்டுட்டீகளோ?" என்று ஹரி போன் பண்ணினான்.

"திருடியத் திருடின்னு சொல்ல நேரம் பாக்கணுமா?" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் மதியம் 2:40. குழுவில் ஒரு வாய்ஸ் நோட். சுபத்ராவின் எண்ணிலிருந்து... நீக்கிய எண் எப்படி வரும்? வடிவு தொட்டாள். ஒரு பெண் குரல். சௌராஷ்டிரம். அப்படி ஒரு சுத்தத்தை அவள் ஆயுளில் கேட்டதில்லை. பொறாமையில் கண் கலங்கிவிட்டது.

பத்து விநாடி என்று காட்டியது. பாட்டு நிற்கவில்லை. சுவர்க்கடிகாரத்தில் ஒரு நிமிடம் போனது... பாடிக்கொண்டே இருந்தது.

ஹரியைக் கூப்பிட்டாள்.

"எந்த வாய்ஸ் நோட்டுக்கா? எனக்கு ஒண்ணும் வரலையே."

வியாழன். 2:40. கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. போனைத் தொடவே இல்லை. தானாகப் பாடியது.

அடிகளுக்கு நடுவே மூச்சு வாங்கும் சத்தம். ஸ்ஸ்ஸ்... வாயால் வாங்கும் மூச்சு இல்லை அது.

வெள்ளி. போனை அணைத்துக் கல்லாப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

2:39.

2:40.

பெட்டிக்குள்ளிருந்து... சௌராஷ்டிரம்.

சனிக்கிழமை காலை திருச்சுழிக்கு பஸ் ஏறினாள். ஹரி எப்போதோ சுபத்ராவுக்குப் புத்தகம் அனுப்பியிருந்ததால் விலாசம் கிடைத்தது. செத்துப்போயிருப்பாள் என்றே வழியெல்லாம் நினைத்தாள். காலில் விழவேண்டும், அவ்வளவுதான்.

கதவைத் திறந்தது சுபத்ராவின் தம்பி ரத்தினம்.

"சுபத்ராம்மா..."

"உள்ளதான் இருக்காக. வாங்க. ஆனா பேச மாட்டாக."

"எம்மேல கோவமா?"

"அதில்லைங்க. தொண்டையில கட்டி. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி குரல்வளையையே எடுத்துட்டாக."

உள்ளே நாற்காலியில், கழுத்தில் மெல்லிய துணி கட்டி, சுபத்ரா உயிரோடு உட்கார்ந்திருந்தாள். கழுத்துத் துளை வழியே மூச்சு விடும்போதெல்லாம் துணி எழுந்து அடங்கியது. மடியில் ஒரு நோட்டு.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்று வடிவு அழுதாள்.

சுபத்ரா எழுதிக் காட்டினாள்: 'அங்கே எல்லாரும் எனக்குக் குரல் இருப்பதாக நினைத்தார்கள். அது போதுமாக இருந்தது.'

வடிவு அந்த வாய்ஸ் நோட்டைத் தொட்டுப் போனை நீட்டினாள். குரல் வீடு முழுக்க நிறைந்தது. ரத்தினம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சுபத்ரா கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு எழுதினாள்: 'என் குரல்தான். எனக்கு அனுப்புங்கள்.'

அனுப்பினாள். சுபத்ராவின் போனில் பத்து விநாடி ஓடியது. சத்தமே இல்லை. மறுபடி அனுப்பினாள். மறுபடியும் இல்லை. ஏழு தடவை அனுப்பிப் பார்த்தாள். வடிவின் போனில் மட்டும் அது பாடிக்கொண்டிருந்தது.

சுபத்ரா நோட்டில் எழுதினாள். பிறகு நோட்டை வடிவு பக்கம் திருப்பினாள்.

'இரண்டு வருடமாக இந்தக் குரல் கனவில்கூட எனக்கு வரவில்லை. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.'