செத்த எள்ளுச் செடி இருக்கா?

பயிருக்கு நோய் வரக்கூடாது என்று சம்பளம் வாங்கிக்கொண்டு, அதே நோயைப் பாத்தி கட்டி வளர்க்கிற தொழில் எங்களுடையது. விதை ஆராய்ச்சிப் பண்ணைகளில் மாட்டிக்கொண்ட சக பாவிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

துக்கம் கேட்கப் போனது

மல்லாங்கிணறு பக்கம் விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரியின் எள்ளுக்காடு வேரழுகல் நோயில் கருகிக் கிடந்தது. எந்த எள் இந்தப் பூசணத்தைத் தாங்கும் என்று பார்க்க, முதலில் எங்கள் பண்ணை மண்ணில் அதை ஏற்றியாக வேண்டும். செத்த செடிகளைச் சாக்கில் கட்டினேன். நடுவில் ஒரே ஒரு செடி பச்சையாக நின்றது. அதன் காய்களையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சாக்கைத் தூக்கிவிட்டபடி சம்சாரி கேட்டார்: "நல்லா வெளஞ்ச காடெல்லாம் கெடக்க, செத்ததத் தேடி வந்திருக்கீகளே, ஒங்கள ஆபீசுல வைய மாட்டாகளா?"

இரக்கம்

செத்ததை நறுக்கி மண்ணில் கலந்து, அந்தத் தனிச் செடியின் விதையில் பாதியை நடு வரிசையில் விதைத்தேன். இரண்டு பக்கமும் இந்த நோயில் சீக்கிரம் சாகிற ரகம். அது செத்து இது நின்றால்தான், தாங்கும் குணம் விதையிலேயே இருக்கிறது என்று அர்த்தம்.

பண்ணை வேலைக்கு வந்த தாயில்பட்டி முத்துமாரி, முன்பு வேட்டுக் கம்பெனியில் திரி வெட்டியவர். நான் நாலு நாள் வெளியூர் போன சமயம் இரண்டு செடி வாடியிருக்கிறது. மனசு கேட்காமல் பாத்தி முழுக்க வேருக்கு மருந்து ஊற்றிவிட்டார். வந்து பார்த்தால், சாக வேண்டிய ரகமும் சேர்த்து எல்லாமே பச்சை. ஒரு சீசன் போச்சு. வாய்க்கு வந்தபடி கத்தினேன்.

அவர் அசரவில்லை: "நம்பி ஒப்படைச்சிட்டுப் போயிருக்கீக. கண்ணு முன்னால சாக விடுறதா சார்?"

காவல்

உறையில் மிச்சம் இருந்தது பாதி விதை. நான் விடுவதாக இல்லை. மறு சீசனில் அதையும் அதே பாத்தியில் போட்டேன். விஷயம் புரிந்ததும் முத்துமாரியே மருந்து அறையைப் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். வெயில் ஏற ஏற இரண்டு பக்கமும் கருகிச் சாய்ந்தது. நடு வரிசை நின்று பூத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முத்துமாரி சொன்னார்: "மருந்தே குடிக்காமப் பொழச்சிருச்சே! போன வருசம் நீங்க வஞ்சதுல ஞாயம் இருக்கு சார்."

மறுபடியும் மல்லாங்கிணறு

அந்தச் செடியில் காய் குறைவு. ஆகவே நல்லா காய்க்கிற ரகத்தோடு கலந்தோம். திரி வெட்டிப் பழகிய விரல்கள்தான் பூவுக்குப் பூ மகரந்தம் தடவின. பல வருடம் நோய்ப் பாத்தியில் போட்டுப் போட்டுத் தேறிய விதையை, அதே சம்சாரியின் காட்டில் விதைக்கக் கொடுத்தேன்.

அறுப்புக்கு முன் பார்க்கப் போனேன். தூரத்திலேயே கையை விரித்தார்: "சாக்கு கொண்டாந்திருந்தா திருப்பிக் கொண்டு போயிருங்க சார். இந்த வருசம் செத்த செடி ஒண்ணுகூட இல்ல."

கேட்டது இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னவரைக் கட்டிப்பிடித்துக்கொண்ட ஆபீசர், அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.