டீச்சர் கேசட்

ஈராக்கில் போர் தொடங்கிய வாரம், எங்கள் ஊர் கேபிள் சேனலில் நான்கு ஆண்கள் உட்கார்ந்து அந்தப் போரைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வக்கீல், ஒரு கல்லூரி விரிவுரையாளர், ஒரு உரக்கடைக்காரர், ஓய்வு பெற்ற ஓர் அதிகாரி. பின்னால் நீலத் துணி, முன்னால் பிளாஸ்டிக் பூச்சாடி. கேபிள் முதலாளியே நடுவில் உட்கார்ந்து கேள்வி கேட்பார். டெல்லி, சென்னை, இலங்கை, அமெரிக்கா, எதையும் விட மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் நான் அரிசி களைந்துகொண்டே அவர்களோடு சண்டை போடுவேன். "நீ பேசறது அவங்களுக்குக் கேக்கவா போகுது?" என்பார் என் கணவர். அவர் பள்ளி ஆசிரியர். வீட்டில் அதிகம் பேச மாட்டார்.

அன்று உரக்கடைக்காரர், போர் சீக்கிரம் முடிந்துவிடும், பெட்ரோல் விலை இறங்கும், நமக்கு நல்லதுதான் என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். என் தம்பி அப்போது குவைத்தில் எலெக்ட்ரீஷியன். அபாயச் சங்கு ஊதும்போதெல்லாம் கீழ்த்தளத்துக்கு ஓடுகிறோம் என்று அந்த வாரம்தான் போனில் சொல்லியிருந்தான். அரிசிப் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன்.

நாகல் நகரில் நான் நடத்திய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டை ஒட்டி இருந்தது அந்த பூத். அதை வைத்திருந்தவள் சின்னாளப்பட்டி நெசவுக் குடும்பத்துப் பெண். வரலாற்றில் எம்.ஏ. படித்தவள். சிறுவயதில் போலியோ வந்து ஒரு கால் மெலிந்துபோனதால் ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் பூத் கிடைத்திருந்தது. யாரும் போன் பேச வராத நேரத்தில் பேப்பர் முழுவதையும் படித்துவிட்டு, ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு என்னிடம் வாதாட வருவாள். என்னைவிட இளையவள். 'அக்கா, அக்கா' என்று கூப்பிட்டுக்கொண்டே நான் சொல்வதையெல்லாம் வெட்டிப் பேசுவாள்.

சேனலுக்கு அவளே எண்ணைச் சுழற்றினாள். இணைப்பு கிடைத்ததும் ரிசீவரை என் கையில் கொடுத்தாள். வளைகுடாவில் நம் பிள்ளைகள் இத்தனை பேர் இருக்கிறார்களே, இவ்வளவு நேரமாக அவர்களைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, ஏன் என்று கேட்டேன். கேபிள் முதலாளி சிரித்தார்.

"நல்ல கேள்விம்மா. வீட்ல சார் இருக்காரா? அவர்ட்ட குடுங்க, விளக்கமாப் பேசிக்கிறோம்."

"சார்ட்ட என்னத்தப் பேசப் போறீங்க? கேட்டது நானு."

இணைப்பு துண்டானது. பூத்தின் மூலையிலிருந்த சின்ன டி.வி.யில் ஜவுளிக்கடை விளம்பரம் ஓடியது. பதில் வரவே இல்லை.

மறுநாள் நேரிலேயே போனேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் அந்த ஸ்டுடியோ. முதலாளி மரியாதையாகத்தான் பேசினார், டீ வரவழைத்தார். வெள்ளிக்கிழமை மகளிர் நிகழ்ச்சிக்கு வரலாம், கேக் செய்யத் தெரிந்தால் செய்து காட்டலாம் என்றார். நான் போரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றேன். அதற்கெல்லாம் ஆள் இருக்கிறது, பெண்கள் அரசியல் பேசினால் விளம்பரம் கொடுப்பவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார். டீயைத் தொடாமல் இறங்கி வந்தேன். படிக்கட்டு இறங்கும்போது கண் கலங்கியது. அழுகை இல்லை அது, ஆத்திரம்.

நடந்ததைப் பூத்துக்காரியிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் என் அலமாரியைக் காட்டினாள். சுருக்கெழுத்து மாணவிகளுக்கு டிக்டேஷன் கொடுக்க நான் வாங்கி வைத்திருந்த டேப் ரெக்கார்டர் அதில் இருந்தது. மைக்கும் உண்டு, வெற்றுக் கேசட்டும் உண்டு.

"நம்மகிட்ட என்னக்கா இல்ல? அவங்கட்ட இருக்கற பூச்சாடி ஒண்ணுதான் இல்ல."

மதிய வகுப்பு முடிந்து நான்கு மணி வகுப்பு தொடங்குவதற்குள் பதிவு செய்தோம். மின்விசிறிச் சத்தம் மைக்கில் விழும் என்று அதை நிறுத்திவிட்டோம். பங்குனி வெயில், சேலை முதுகோடு ஒட்டிக்கொண்டது. 'அன்பார்ந்த நேயர்களே' என்று அவள் ஆரம்பித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழித்துவிட்டு, பூத் வாசலில் பேசுவது போலவே பேசலாம் என்று முடிவு செய்தோம். அப்புறம் சிரிப்பு வரவில்லை. அந்த நாட்டு மக்களை அடக்கி ஆள்பவன் யார் கையால் விழுந்தால் என்ன, விழட்டும் என்றாள் அவள். குண்டு போட்டு எந்த ஊருக்கு விடுதலை கொடுக்க முடியும் என்றேன் நான். நீங்கள் உங்கள் தம்பிக்காக மட்டும் பேசுகிறீர்கள் என்றாள். ஆமாம், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தம்பி இருக்கிறான், அங்கே குண்டு விழுகிற வீட்டிலும் இருக்கிறான் என்றேன். கேசட்டின் ஒரு பக்கம் தீர்ந்தபோது இருவருக்கும் கோபம். டீயைக்கூடத் தனித்தனியாகத்தான் குடித்தோம்.

பிறகு போட்டுக் கேட்டோம். இடையிடையே தெருவில் போகும் ஆட்டோச் சத்தமும் ஒரு கோழி கூவுவதும் கேட்டன. ஆனால் அந்த நான்கு ஆண்களும் ஒருநாளும் இப்படிப் பேசியதில்லை. அவர்கள் ஒருவர் சொன்னதையே ஒருவர் நீட்டிச் சொல்வார்கள். நாங்கள் நிஜமாகவே சண்டை போட்டிருந்தோம்.

என்னிடம் சுருக்கெழுத்து படித்த பெண்கள் அந்தக் கேசட்டைக் கேட்டு வாங்கிப்போனார்கள். இரண்டு கேசட் போடுகிற டேப் ரெக்கார்டர் யார் வீட்டில் இருந்ததோ அங்கே பிரதி எடுத்தார்கள். ஒருத்தியின் அண்ணன் சின்னாளப்பட்டிப் பக்கம் மினிபஸ் ஓட்டினார். சினிமாப் பாட்டுக்குப் பதிலாக அவர் ஒருநாள் எங்கள் பேச்சைப் போட, பஸ்ஸுக்குள் சண்டையாம். அதைப் பார்ப்பதற்காகவே நானும் ஒருநாள் ஏறினேன். என்னை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. மில்லுக்குப் போகும் ஒரு பெண் என் பக்கம் பேச, பூக்கூடை வைத்திருந்த இன்னொருத்தி பூத்துக்காரி பக்கம் பேச, பின்னால் நின்ற ஒருவர் பாட்டுப் போடுங்கப்பா என்று சலித்துக்கொண்டார். "செத்த சும்மா இருங்கண்ணே, அந்தம்மா சொல்லி முடிக்கட்டும்" என்றாள் மில்லுக்காரப் பெண். ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் குரலை எனக்கே பிடித்துப்போன நாள் அது.

அதற்கு 'டீச்சர் கேசட்' என்று பெயர் வந்துவிட்டது. மாதம் ஒன்று பேசினோம். இலங்கைப் பேச்சுவார்த்தை, நாடாளுமன்றத்தில் தூங்கிக்கொண்டிருந்த மகளிர் மசோதா, ஒட்டன்சத்திரம் சந்தையில் விவசாயிகள் தக்காளியைக் கொட்டிவிட்டுப் போகும் நாளிலும் நாகல் நகரில் அதன் விலை ஏன் குறைவதில்லை என்பது. எதிலும் நாங்கள் ஒத்துப்போனதில்லை.

ஒரேயொரு விஷயத்தில் ஒத்துப்போனோம், அதில்தான் வம்பு வந்தது. பெண்களுக்கென்று ஒதுக்கிய ஊராட்சிகளில் மனைவி தலைவராக இருக்க, கணவன் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்து வாங்குகிறான் என்று பேசினோம். அந்தத் தலைவிகள் பொம்மைகள் என்று நான் சொன்னேன். ஊர் பெயர் சொல்லவில்லை, ஆள் பெயர் சொல்லவில்லை. ஆனாலும் அய்யலூர்ப் பக்கத்து ஊராட்சி ஒன்றில் எல்லோரும் தலைவியின் கணவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்.

அவர் ஜீப்பில் வந்தார், கூட இரண்டு பேர். மாணவிகள் தட்டிக்கொண்டிருந்த சத்தம் ஒவ்வொரு மிஷினாக நின்றது.

"டீச்சரம்மா, நீங்க பேசுனது என்னையத்தான்னு ஊரே சொல்லுது."

"நான் பேரு எதுவும் சொல்லலையே."

"பேரு வேற சொல்லணுமாக்கும். இனிமே அந்தக் கேசட்டு எந்த வண்டியிலயும் ஓடக் கூடாது. இந்த எடத்துல வாடகைக்குத்தான இருக்கீக?"

மாணவிகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அன்று தலையைக் குனிந்திருந்தால் அவர்களும் குனிந்துகொண்டே வீட்டுக்குப் போயிருப்பார்கள். எழுந்து அலமாரியைத் திறந்து, டேப் ரெக்கார்டரை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"இதுல ஒரு பக்கம் காலியா இருக்கு. நீங்க சொல்றதச் சொல்லுங்க. ஒரு வார்த்தை வெட்டாமப் போடுறோம்."

அதற்குள் பூத்திலிருந்து அவள் வந்துவிட்டாள். கதவில் சாய்ந்து நின்றுகொண்டு, "உக்காருங்கண்ணே. பொம்பளைக்கு என்னத்துக்குப் பதவின்னு சொன்னாலும் சரி, அப்படியே போடுவோம்" என்றாள்.

அவர் உட்காருவார் என்று நான் நினைக்கவில்லை. உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கைப் பார்த்துப் பேசினார். ஒன்றிய அலுவலகத்துக்கும் கான்ட்ராக்டர்களுக்கும் தான்தான் அலைவதாகச் சொன்னார். தன் மனைவிக்கு ஆபீஸ் விவகாரம் ஒன்றும் தெரியாது, அவள் வீட்டைப் பார்க்கிறாள், நான் ஊரைப் பார்க்கிறேன், இதில் என்ன தப்பு என்றார். நடிப்பில்லாமல்தான் பேசினார். வார்த்தை மாறாமல் அதைப் போட்டோம்.

ஆனால் அத்தோடு விடவில்லை. அடுத்த வாரம் கட்டட உரிமையாளர் வந்து இடத்தைக் காலி செய்யச் சொன்னார், காரணம் கேட்டதற்குச் சொல்லவில்லை. என் கணவரை அவருடைய பள்ளியில் கூப்பிட்டு, ஆசிரியர் வீட்டுப் பெண்ணுக்கு இது அழகா என்று கேட்டிருக்கிறார்கள். அவர் வந்து, கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வையேன் என்றார்.

"நான் வாயத் தொறக்கறதுக்கு உங்க ஸ்கூல்ல லீவு எழுதிக் குடுக்கணுமா?" என்று கேட்டேன்.

சில நாள் கழித்து அவர் தானாகவே பள்ளியில் கேட்டவர்களிடம் போய், அந்த இன்ஸ்டிடியூட் என் மனைவி பெயரில் இருக்கிறது, என் பெயரில் இல்லை, கேட்பதை அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். அவரிடமிருந்து அவ்வளவு நீளமான பேச்சு வந்தது என்பதே எனக்கு ஆச்சரியம். அதன் பிறகு யாரும் என்னிடம் கேட்க வரவில்லை.

அடுத்த தெருவில் ஒரு பழைய அரிசிக் கிட்டங்கியைப் பிடித்தோம். மாணவிகள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மிஷின்களைத் தூக்கி வந்தார்கள். மேசைகள்கூடப் போடாத அந்த அறையில், தவிட்டு வாசனைக்கு நடுவில், அந்த மாதக் கேசட்டையும் பதிவு செய்தோம். ஒரு மாதம் தவறினாலும் பயந்துவிட்டோம் என்பார்கள். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதில் அவளும் நானும் இரண்டாவது முறையாக ஒத்துப்போனோம்.

அங்கேதான் ஒருநாள் மதியம் ஒரு அம்மா வந்தார். நாற்பது வயதிருக்கும், கையில் ஒரு ஒயர் கூடை. அய்யலூரிலிருந்து தனியாக பஸ் பிடித்து வந்திருந்தார். நான்தான் அந்த ஊராட்சித் தலைவர் என்றார். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை.

"நீங்க என்னையப் பொம்மைன்னீக. எங்க வீட்டுக்காரரு எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னாரு. ரெண்டு பக்கமும் கேட்டேன். என்னைய ஒரு வார்த்தை கேட்டீகளா, யாராச்சும்?"

"அந்த மிஷினப் போடுங்க" என்று டேப் ரெக்கார்டரைக் காட்டினார் அவர்.

காலனித் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் போட வேண்டாம் என்று கணவர் சொன்னபோது, போடாவிட்டால் வேறெதிலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று தான் பேனாவை மூடி வைத்த கதையைச் சொன்னார். குழாய் வந்தது. போட்டவர் கணவர் என்றுதான் ஊர் பேசியது. கூட்டத்தில் வாய் திறந்தால் சிரிப்பார்கள் என்று இத்தனை நாள் பேசாமல் இருந்ததையும் மறைக்கவில்லை. நான் குறுக்கே கேள்வி கேட்டேன், பூத்துக்காரியும் கேட்டாள். எங்கள் இருவரையும் வெட்டி வெட்டிப் பேசினார். ஈராக் பற்றிய முதல் கேசட்டை மகள் மூலம் கேட்டிருந்தாராம், அதிலும் அவர் என் கட்சி இல்லை. அந்த அம்மா பேசிய கேசட்டுக்குப் பிரதி எடுத்து மாளவில்லை. கேபிள் முதலாளியே ஆள் அனுப்பி, சண்டையை வெட்டிவிட்டு ஒளிபரப்பலாமா என்று கேட்டார். போட்டால் முழுசாகப் போடுங்கள் என்று சொல்லி அனுப்பினோம். அவர் போடவில்லை. நாங்களும் வருத்தப்படவில்லை.

அந்த அம்மா அதற்குப் பிறகு கூட்டங்களைத் தானே நடத்தினார். கணவர் வெளியே ஜீப்பில் உட்கார்ந்திருப்பார் என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த தேர்தலில் அந்த ஊராட்சி பெண்களுக்கான ஒதுக்கீட்டிலிருந்து பொதுவுக்குப் போனது. இனி பெண் எதற்கு என்று எல்லோரும் சொன்னார்கள். கணவரே நிற்பதாக இருந்தார். அவருக்கு முன்னால் போய் அந்த அம்மா மனுத் தாக்கல் செய்துவிட்டார். கணவர் போட்டியிடவும் இல்லை, ஓட்டுக் கேட்கவும் இல்லை. காலனிப் பெண்களும் அந்த அம்மாவும் தெருத் தெருவாக நடந்தார்கள். இரண்டு நாள் நாங்களும் போனோம். ஊன்றுகோலோடு நடந்ததில் இவள் கை காய்த்துப்போனது. அந்த அம்மா தோற்றார். ரொம்பக் குறைந்த வித்தியாசமெல்லாம் இல்லை, நன்றாகவே தோற்றார்.

முடிவு வந்த மறுநாள் அதே ஒயர் கூடையோடு இன்ஸ்டிடியூட்டுக்கு வந்தார். விரலில் ஓட்டு மை இன்னும் கறுப்பாக இருந்தது. ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டு மைக்கை இழுத்து வைத்துக்கொண்டார்.

"எங்க ஊரு ஆம்பளைங்களுக்குச் சொல்றேன். அடுத்த வாட்டியும் நிப்பேன். அதுக்கடுத்த வாட்டியும் நிப்பேன். நீங்க தோக்கடிச்சுக்கிட்டே இருங்க, நான் வந்துக்கிட்டே இருக்கேன்."

உடனே பூத்துக்காரி, நீங்கள் ஓட்டுக் கேட்ட விதமே தப்பு, கடைத்தெருப் பக்கம் கால் வைக்காமல் எப்படி ஜெயிப்பது என்று ஆரம்பித்தாள். கடைத்தெருவுக்குப் போயிருந்தால் காலனிக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். இரண்டுமே தப்பு என்று நான் நடுவில் புகுந்தேன். மூன்று குரலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. வாசலில் நான்கு மணி வகுப்புப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். அன்று யாரும் டைப்ரைட்டிங் மிஷினைத் தொடவில்லை.