இறங்காத மழை

நேற்று மாலை துடியலூரில் எங்கள் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். மேற்கு மலைப் பக்கம் மேகத்திலிருந்து மழை சாம்பல் நூலாக நீண்டு வந்து, பாதி வழியிலேயே காணாமல் போனது. கோடையில் இங்கே இப்படித்தான். காய்ந்த காற்று மழையைத் தரைக்கு விடாமல் குடித்துவிடும். எனக்கு உடனே ஈரச் சிமெண்ட் வாசனை வந்துவிட்டது.

இருபத்து நான்கு வயதில் நான் தனியாகப் பொறுப்பேற்ற முதல் கட்டடம், தொண்டாமுத்தூரில் ஒரு வீடு. ஹெல்மெட் தலையில் நிற்காது, குரல் எழும்பாது. "இஞ்சினியரு எங்கீங்க?" என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு.

அன்றைக்கு அந்த வீட்டின் மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடும் நாள். கலவை மெஷினிலிருந்து மாடிவரை முப்பது பேர் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றினார்கள். பாதித் தளம் முடிந்தபோது மேற்கே கறுத்து, மழை தொங்க ஆரம்பித்தது.

கொத்துக்காரர் நாச்சிமுத்து அண்ணன் கரண்டியைக் கீழே வைத்தார். "ஏனுங்க அம்மணி, மழை வருதுங்க. நிறுத்திப்போட்டு தார்ப்பாய் போத்திரலாமுங்க."

மழை அடித்தால் சிமெண்ட் கரைந்து ஓடிவிடும். நிறுத்தினாலோ, காய்ந்த பாதியும் புதுப் பாதியும் சேரும் ஒட்டில் காலத்துக்கும் ஒழுகும். லேத் பட்டறைக்காரரான வீட்டுச் சொந்தக்காரர் கீழே நின்று வானத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

மூன்று நாளாக அதே நேரத்தில் அதே மழை அந்தரத்தில் கரைவதைக் கவனித்திருந்தேன். அன்றும் அதன் அடி மலைக்கு மேலேயே பிய்ந்து நின்றது.

"எறங்காதுங்கண்ணா. போடுங்க."

"எறங்கிட்டா?"

"நானே இடிச்சுக் கட்டித் தாரேனுங்க."

எதை வைத்துக் கட்டுவாய் என்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.

சட்டிகள் மறுபடி ஏறின. சில்லென்று காற்று அடித்தது. ஒரே ஒரு துளி என் மூக்குக்கண்ணாடியில் விழுந்தது. யாரும் பார்ப்பதற்குள் துப்பட்டாவால் துடைத்துவிட்டேன். உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். அடுத்த துளி வரவே இல்லை.

கடைசிச் சட்டியைக் கொட்டியதும் கீழிருந்து மேல்வரை வரிசை முழுக்கக் கத்தியது. "அம்மணி மழையவே நிறுத்திப்போட்டாங்கடோய்!" என்றார் நாச்சிமுத்து அண்ணன். எல்லோரையும்விட உரக்கக் கத்தியது நான்தான். எனக்கு அவ்வளவு பெரிய குரல் இருந்தது எனக்கே அன்றுதான் தெரிந்தது. அந்தத் தளம் இன்றுவரை ஒழுகியதில்லை.

இப்போது கலவை லாரியில் வருகிறது, குழாய் வழியாக மேலேறுகிறது. எத்தனையோ இடுப்புகள் பிழைத்தன. அதில் எனக்குச் சந்தோஷம்தான். தளம் முடிந்ததும் பம்புக்காரர் குழாயைக் கழுவிச் சுருட்டிக்கொண்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுகிறார். யாரும் கத்துவதில்லை.