மறைத்த காய்ச்சல்

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. அதனால் அந்த வேலையும் என் தலையில்தான் விழுந்தது.

நூல் மில்லில் இருந்து ஓய்வு பெற்றவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபின், வாரத்தில் இரண்டு நாள் விக்கிரமசிங்கபுரத்தில் பஸ் ஏறி, டயாலிசிஸுக்குத் திருநெல்வேலி போவோம். கையில் ஆபரேஷன் செய்த இரத்தக்குழாய் டயாலிசிஸ் ஊசி குத்துகிற பக்குவத்துக்கு வர இன்னும் ஒரு மாதம் ஆகும், அதுவரை கழுத்தில் போட்ட குழாய்தான் கதி என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதலில் போட்ட குழாயில் கிருமி ஏறி எடுத்தாயிற்று. இதுவும் போனால் அடுத்தது தொடையில்தான். தொடையில் குழாயோடு பஸ்ஸில் எப்படி உட்காருவது என்பது அவர் கவலை. கழுத்துப் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் நான்தான் உடம்பைத் துடைத்துவிடுவேன்.

ஒரு டயாலிசிஸ் நாள் காலையில் உடம்பு அனலாய்க் கொதித்தது.

"ஏட்டி, காய்ச்சல்னு சொன்னா கொழாய உருவிருவாவ. ஒரு மாத்திர குடு, போதும்."

வாயில் வந்தபடி ஏசினேன். ஏசிக்கொண்டே கொடுத்தேன். பஸ் சேரன்மகாதேவி தாண்டுவதற்குள் வேர்த்து, காய்ச்சல் விட்டது. பெரிய கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

வீட்டில் காய்ச்சல் இருந்ததா என்று நர்ஸ் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். இல்லை என்றேன்.

மெஷினில் போட்டு அரைமணி நேரம் ஆகவில்லை, கட்டிலே ஆடும்படி நடுக்கம் வந்தது. போர்வைக்கு மேல் போர்வை போட்டும் நிற்கவில்லை. ஓடிவந்த டாக்டரிடம் மாத்திரை கொடுத்ததைச் சொல்லிவிட்டேன். அவர் நாலு வார்த்தை ஏசியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு, அன்றைக்கே குழாயை எடுத்து, வார்டில் சேர்த்தார். கிருமி இரத்தத்தில் கலந்திருக்கிறது, மருந்தில் அது அடங்கினால்தான் புதுக் குழாய், அதுவரை டயாலிசிஸ் கிடையாது, தண்ணீரை அளந்து கொடுங்கள் என்றார். குழாய் இருந்தால் கிருமி, இல்லாவிட்டால் நீர் கோத்து மூச்சுமுட்டல். முன்னால் போனால் கடிக்கிறது, பின்னால் போனால் உதைக்கிறது. நான் என்ன செய்வேன்?

இரண்டாம் நாள் முகம் வீங்கி, படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தார். உதடு வெடித்திருந்தது. தண்ணீர் கேட்டார். இன்றைய அளவு முடிந்துவிட்டது என்றேன்.

"மாத்திர கேட்டதும் குடுத்த. இப்ப ஒரு வாய் தண்ணிதான கேக்கேன்."

குத்திக்காட்டத் தெரியாத மனிதர். நிஜமாகவே கேட்டார். தண்ணீர் அளக்கிற டம்ளரை எடுத்துக்கொண்டுபோய், வார்டுக்கு வெளியே அவர் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.